சொல்ல வந்ததை நினைத்தால் பயம் போகும்



சாங்கி வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் திருமண விருந்து நடப்பதாக வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளையின் தம்பி, நண்பர்களிடம் ஓயாமல் பேசுகிறவர். மைக்கைக் கையில் கொடுத்ததும் உள்ளங்கை வியர்க்கிறது, நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "அண்ணனுக்கு வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்.

இவர் வெட்கப்படத் தேவையில்லை. தேக்காவில், ரேஸ் கோர்ஸ் லேனில் காந்தி நினைவு மண்டபம் இருக்கிறது. 1950ல் நேரு அடிக்கல் நாட்டிய மண்டபம். அந்தக் காந்தியடிகளே மேடையைக் கண்டு நடுங்கியவர்தான்!

லண்டனில் படித்த காலத்தில் சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். தமது கருத்தை எழுதிக் கொண்டுபோயும் வாசிக்கத் துணிவில்லை; வேறொருவர் வாசித்தார். 1891ல் ஊர் திரும்பும்முன் நண்பர்களுக்கு விருந்து வைத்தார். நகைச்சுவையாகப் பேச மனப்பாடம் செய்திருந்தார். முதல் வாக்கியத்துக்குப் பிறகு எல்லாம் மறந்துபோக, நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். பிறகு பம்பாய் நீதிமன்றத்தில் முதல் வழக்கு. சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. வாங்கிய முப்பது ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் 1893ல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில் இந்திய வணிகர்களைக் கூட்டி, வியாபாரத்தில் உண்மை வேண்டும் என்று பேசினார். அங்குள்ள இந்தியர்கள் படும் துன்பங்களை எடுத்துச்சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்றார். தமது முதல் மேடைப்பேச்சாக அவர் கருதியது இதைத்தான்.

என்ன மாறியது? லண்டனில், 'நான் எப்படிப் பேசப்போகிறேன்' என்ற கவலை. பிரிட்டோரியாவில், 'இவர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும்' என்ற அக்கறை. பேச வேண்டிய பொருளிலும் தெளிவு இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு பயமும் உண்டு. லகர ளகரம் பிசகினால் சிரிப்பார்களோ என்று தமிழிலேயே பேசாமல் விடுகிறார்கள். சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. ஆனால் சட்டம் கொடுத்த இடத்தை வாய்தானே காப்பாற்ற வேண்டும்? சிரிக்கும் பெரியவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

அடுத்த முறை மைக் வந்தால் முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். சொல்ல வேண்டிய ஒன்றை முடிவு செய்யுங்கள். மூச்சை நிதானமாக விடுங்கள். தெரிந்த ஒரு முகத்தைப் பார்த்துத் தொடங்குங்கள். அண்ணன் தோளில் தூக்கிக்கொண்டுபோன ஒரு நாளைச் சொன்னால் போதும். அதுவே நல்ல பேச்சு.