பத்து ரூபாய் யூனிட் மலிவா?



“பத்து ரூபாய்க்குப் புது ஃபண்ட் வந்திருக்கே, மலிவுதானே?” என்று பலர் கேட்கிறார்கள். இல்லீங்க. 10,000 ரூபாய்க்கு, 10 ரூபாய் யூனிட் என்றால் ஆயிரம் வரும். 100 ரூபாய் யூனிட் என்றால் நூறு வரும். உள்ளே உள்ள பங்குகள் 10 சதவீதம் ஏறினால் இரண்டுமே 11,000 ரூபாய்தான்.

பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, குறியீட்டெண். சந்தையே 15 சதவீதம் ஏறிய வருஷத்தில் ஃபண்ட் 14 தந்தால் மேனேஜரின் திறமை எங்கே? டிவிடெண்டும் சேர்ந்த குறியீட்டெண்ணோடு ஒப்பிட்டே கணக்குக் காட்ட வேண்டுமென்று செபி 2018-இல் விதித்தது.

இரண்டு, செலவு. ஒரு லட்சம் ரூபாய் ஆண்டுக்கு 12 சதவீதம் வளர்ந்தால் 20 வருஷத்தில் சுமார் 9.65 லட்சம், அதில் ஒரு சதவீதம் செலவுக்குப் போனால் 8.06 லட்சம்தான். முகவர் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டம் 2013 முதல் உண்டு.

இன்னொன்றையும் மறக்காதீங்க. 2008-இல் சென்செக்ஸ் பாதிக்கு மேல் சரிந்தது. அடுத்த வருஷம் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ், தங்கை கல்யாணப் பணம் இதெல்லாம் இங்கே வேண்டாம். பத்து வருஷம் தொடாத பணத்தை மட்டும் போடுங்க.