கார்த்திகைக் கொடி

ஐப்பசி மழை விழுந்ததும் வன்னியின் பற்றைக் காடுகளில் ஒரு கொடி மண்ணைப் பிளந்து எழும். கோடை முழுவதும் கிழங்காய் உறங்கிக் கிடந்த கார்த்திகைக் கொடி அது. பண்டைப் புலவர் காந்தள் என்றதும் இதனையே என்பர். தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு என்பது வழக்கு. அழகிய மலருக்கு அத்துணை அழகற்ற பெயர்!

இதனை இனங்காண மலர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இலையின் நுனியே சுருண்டு, பற்றுக்கம்பியாகி வேலியைப் பிடித்துக்கொள்ளும். வள்ளிக்கொடியோ தண்டினாலேயே சுற்றி ஏறும். அதன் இலைநுனியில் சுருள் இராது. கார்த்திகை மலரின் ஆறு இதழ்களும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். பச்சையும் மஞ்சளுமாய் விரிந்து, சில நாட்களில் செந்நிறங் கொள்ளும்.

நடுவதற்குக் கவையுள்ள கிழங்கே ஏற்றது. முளை கவையின் நுனியில் இருப்பதால், அது முறியாதபடி, நீர் தேங்காத நிலத்தில் கிடையாகப் புதைத்தல் வேண்டும். ஏறுவதற்குக் கிளுவை வேலியே போதும்.

ஆனால் வள்ளியும் வற்றாளையும் விளையும் பாத்தியருகே இதற்கு இடமளிப்பது அறிவீனம். மழை ஓய்ந்து கொடி மடிந்தபின் நிலத்தடியில் எஞ்சுவது கிழங்கு மட்டுமே. அடையாளங் காட்ட இலையுமில்லை, மலருமில்லை. உண்ணுங் கிழங்கென்று எண்ணி இதனை அவித்துண்டு உயிர்துறந்தோர் இலங்கையில் உளர். இதிலுள்ள கொல்சிசின் என்னும் நஞ்சு கொதிநீரிலும் அழியாது. வாந்தியும் பேதியும் தொடங்கச் சில மணி நேரம் செல்லும். கைக்கெட்டும் முறிமருந்தும் இல்லை. உண்டது தெரிந்தால், குறி தோன்றும்வரை காத்திராது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். கொடி நட்ட இடத்தில் ஒரு கல்லை நாட்டி, வீட்டுச் சிறுவருக்கும் அதனைக் காட்டிவைப்பது நலம்.