சொல்லித் தராமல் கற்ற பாடம்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



'பண்பாடும் மனித நடத்தையும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பி.எட். படித்தபோது இதற்குப் பத்து மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். அந்த விடை மறந்துவிட்டது. எங்கள் ஆச்சி வீட்டுக் குவளை மறக்கவில்லை.

தாழ்வாரத்தில் ஓர் அலுமினியக் குவளை கவிழ்ந்திருக்கும். காட்டு வேலைக்கு வருகிறவர்கள் அதில்தான் தண்ணீர் குடிப்பார்கள். குடித்ததும் அவர்களே கழுவிக் கவிழ்ப்பார்கள். அதைத் தொடாதே என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஆனாலும் ஆறு வயதில், எவ்வளவு தாகம் எடுத்தாலும் என் கை அதன் பக்கம் போகாது. ஆச்சியின் முகத்தைப் பார்த்தே கற்றுக்கொண்டேன்.

அந்தக் குவளைக்கு எதிரான ஒரு வேலையும் நம் ஊரில்தான் தொடங்கியது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கி வைத்தார். மானாவாரிக் கரிசல் இது. மழை பொய்த்தால் கம்பும் இல்லை, பருத்தியும் இல்லை. பசிக்காகப் போட்ட சோறு, ஊரில் ஒன்றாக உட்காராதவர்களின் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்கார வைத்தது.

அதே வட்டாரத்தில், 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் விரிவாக்கப்பட்ட சில நாட்களில், ஒரு சிற்றூர்ப் பிள்ளைகள் தட்டைத் தொடவில்லை. சமைத்தவர் பட்டியலினப் பெண் என்று வீட்டில் தடுத்திருந்தார்கள். அதிகாரிகள் பேசிப் பார்த்தார்கள். செப்டம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியும் அமைச்சர் கீதா ஜீவனும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பிள்ளைகளும் சாப்பிட்டார்கள்.

செய்தியைப் படித்தபோது அந்தப் பெற்றோர்மீது எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் மதியம் என் டிபன் கேரியரைத் திறக்கையில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க ஏன் எங்க சாப்பாட்டைச் சாப்பிட மாட்டேங்கிறீங்க?"

"எனக்குச் சர்க்கரைம்மா" என்றேன். பொய். பதினாறு ஆண்டுகளாக ருசி பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதோடு சரி. அதற்குச் சாதி காரணமா, வெறும் பழக்கமா? எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

இப்போது வாரத்தில் இரண்டு நாள் வரிசையில் உட்காருகிறேன். (பிள்ளைகளின் அளவில் கை வைக்கக் கூடாதே என்று என் பங்குக்கு அரிசி, பருப்பு கொடுத்துவிடுகிறேன்.) முதல் நாள் அந்தப் பிள்ளை என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிட்டு முடித்த பிறகுதான் எழுந்தாள்.

உங்கள் பள்ளியில் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்? சொல்லுங்கள், கேட்கிறேன்.