கைபட்டாலே திரும்பும் கோ-கார்ட்



தோட்டத்து இளைஞர்கள் ஓய்வு நாளில் பந்து விளையாடுவார்கள். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவார்கள். அந்த வரிசையில் பழைய கோ-கார்ட் ஒன்றும் சேர்ந்துவிட்டால், பெற்றோர்களுக்கு ஒரு புதுக் கவலையும் கூடவே வந்து சேர்கிறது. நாலு பேர் காசு சேர்த்து, எங்கோ ஓடித் தேய்ந்த வண்டி ஒன்றை வாங்கி லோரியில் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள். எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் ஓட்டிப் பார்த்தவன் இறங்கியதும் சொல்வது இதுதான்: "ஸ்டீரிங் சரியில்லைண்ணே, தும்முனாக்கூட திரும்பிக்குது."

இதைச் சிறு குறை என்று விட்டுவிடக்கூடாது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் 11 மீட்டர் கடக்கிறது. செம்பனைகளை ஏறக்குறைய 9 மீட்டர் இடைவெளியில் நடுகிறோம். ஆகவே பையன் "ஐயோ" என்று சொல்லி முடிப்பதற்குள் வண்டி ஒரு மரத்தைத் தாண்டி அடுத்த மரத்துக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கை சற்று அசைந்தாலும் முன்சக்கரம் வெடுக்கென்று திரும்பினால் என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோ-கார்ட் தோன்றியது 1956இல், அமெரிக்காவின் கலிபோர்னியாவில். ஆர்ட் இங்கல்ஸ் என்பவர் இரும்புக் குழாய்களால் ஒரு சட்டம் செய்து, புல்வெட்டும் இயந்திரத்துக்கான எஞ்சினை அதில் பூட்டி ஓட்டினார். இன்றும் அமைப்பு பெரிதாக மாறவில்லை. நம் தோட்டங்களில் தண்ணீர்ப் பம்புக்குப் பயன்படும் 163 சி.சி. ஹோண்டா எஞ்சினைப் பல வண்டிகளில் காணலாம். ஸ்பிரிங் கிடையாது, கியர்ப் பெட்டி வைத்த ஸ்டீரிங்கும் கிடையாது. காரில் முன்சக்கரம் ஒரு பாகை திரும்ப, ஸ்டீரிங்கை ஏறத்தாழ 15 பாகை திருப்ப வேண்டும். கோ-கார்ட்டில் ஒன்றுக்கு ஒன்று, மிஞ்சிப் போனால் ஒன்றரை. எனவே இந்த வண்டி இயல்பிலேயே துடிப்பானதுதான். அந்தத் துடிப்பு அளவு மீறிப் போனால் எங்கே கை வைப்பது என்பதே நம் கேள்வி.

முதலில் எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பிறகு இருவர் வேண்டும். ஒருவர் ஸ்டீரிங்கை அசையாமல் பிடித்துக்கொள்ள, மற்றவர் முன்சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்ட வேண்டும். "டக் டக்" என்று சத்தம் வந்தால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. சக்கரம் திரும்பும் அச்சாகிய கிங்பின், அதன் புஷ், டை ராட்டின் இரு முனைகளிலும் உள்ள உருண்டை மூட்டு, சக்கரத்துப் பேரிங் ஆகியவற்றில் ஒன்றோ இரண்டோ தேய்ந்திருக்கும். ஆட்டம் இருந்தால் ஸ்டீரிங் தளர்வாகத்தானே இருக்கும், துடிப்பாக எப்படி இருக்கும் என்று கேட்கலாம். கை திருப்பும்போது முதலில் ஒன்றும் நடக்காது. ஓட்டுபவன் இன்னும் கொஞ்சம் திருப்புவான். ஆட்டம் தீர்ந்ததும் சக்கரம் ஒரேயடியாகத் திரும்பும். அவனோ வண்டிதான் துள்ளுகிறது என்று நினைப்பான். தேய்ந்த மூட்டை மாற்றாமல் மற்ற வேலைகளில் இறங்குவது வீண். இதைச் சொல்வதற்குக் காரணம், பழைய வண்டி வாங்கும் பலர் முதலில் பெயின்ட் அடிக்கத்தான் ஓடுகிறார்கள்.

ஆட்டம் தீர்ந்த பிறகும் துடிப்பு இருந்தால், ஸ்டீரிங் தண்டின் அடிப்பகுதியைப் பாருங்கள். அங்கே இரும்பு நாக்கு ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். அதிலிருந்துதான் இரண்டு டை ராட்டுகளும் இரண்டு சக்கரங்களுக்கும் போகின்றன. சக்கரத்தின் பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கை இருக்கும். நாக்கின் நீளத்துக்கும் கையின் நீளத்துக்கும் உள்ள விகிதத்தில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. தண்டின் நடுவிலிருந்து நாக்கின் துளை வரை 3 அங்குலம், சக்கரத்துக் கை 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டீரிங்கை 40 பாகை திருப்பினால் சக்கரம் ஏறக்குறைய 30 பாகை திரும்பும். டை ராட்டை 2 அங்குலத்தில் உள்ள துளைக்கு மாற்றினால், அதே 40 பாகைக்குச் சக்கரம் ஏறக்குறைய 20 பாகைதான் திரும்பும். ஒரு துளை மாற்றியதில் மூன்றில் ஒரு பங்கு துடிப்பு அடங்கிவிட்டது.

பல வண்டிகளில் நாக்கில் இரண்டு மூன்று துளைகள் முன்பே இருக்கும். உள்ளே இருக்கும் துளை நிதானமானது, வெளியே இருப்பது வேகமானது. ஒரே துளைதான் என்றால் இன்னொன்று போடலாம். ஆனால் ஓரத்துக்கு மிக அருகில் போடாதீர்கள், அந்த இடம் விரிசல் விடும். நாக்கையே வெட்டிப் புதிதாகப் பற்றவைக்க நேர்ந்தால், வெல்டிங் நன்கு தெரிந்த தோட்டத்துப் பட்டறைக்காரரிடம் கொடுங்கள். ஸ்டீரிங்கில் வைக்கும் வெல்டிங் வாளிக்கு வைக்கும் வெல்டிங் அல்ல. மாற்றிய பிறகு ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டை ராட் எங்கும் இடிக்கிறதா, சிக்கிக்கொண்டு திரும்பி வர மறுக்கிறதா என்று பாருங்கள். வளைவுகளில் இனிக் கையை அதிகம் திருப்ப வேண்டிவரும், அது பழகிவிடும்.

துளை மாறினால் சக்கரங்களின் நேர்நிலையும் மாறும். மேலிருந்து பார்க்கும்போது இரு முன்சக்கரங்களும் முன்புறம் சற்று விரிந்திருந்தால் வண்டி நேர்ப்பாதையில் நிற்காமல் அலையும். பந்தய வண்டிகளில் வளைவில் சட்டென்று நுழைவதற்காகச் சிறிது விரித்து வைப்பதும் உண்டு. அதே வண்டி கைமாறித் தோட்டத்துக்கு வரும்போது அந்த விரிவும் கூடவே வருகிறது!

அளப்பது எளிது. வண்டியைச் சமமான சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ஓட்டுபவனை உட்கார வையுங்கள். அவன் எடையில் சட்டம் சற்று வளையும் என்பதால் காலி வண்டியில் அளந்த அளவு சரிவராது. ஸ்டீரிங்கை நேராக வைத்து, இரண்டு டயரின் முன்புறத்திலும் நடுக்கோட்டில், அச்சின் உயரத்தில், சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்து இடைவெளியை அளவுநாடாவால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் புள்ளிகள் பின்புறம் அதே உயரத்துக்கு வரும் வரை வண்டியை முன்னே தள்ளி மறுபடி அளக்க வேண்டும். முன் அளவு பின் அளவுக்குச் சமமாக இருக்கலாம், அல்லது 3 மில்லிமீட்டர் வரை குறைவாக இருக்கலாம். பொழுதுபோக்குக்கு ஓட்டும் வண்டிக்கு அது போதும்.

சரிசெய்ய, டை ராட்டின் பூட்டு நட்டைத் தளர்த்தி ராட்டைத் திருகுங்கள். சக்கரத்துக் கை பின்னோக்கி இருந்தால், ராட்டை நீட்டும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளே வரும். கை முன்னோக்கி இருந்தால் நேர்மாறு. இரண்டு ராட்டையும் ஒரே அளவு திருக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீரிங் கோணலாக நிற்கும். இழை குறைந்தது போல்ட்டின் தடிப்பளவாவது உள்ளே இருக்கட்டும். வேலை முடிந்ததும் பூட்டு நட்டுகளை இறுக்க மறக்கக்கூடாது. நைலான் வளையம் வைத்த நட்டையும் பிளவு ஊசியையும் பழையதே போதும் என்று திரும்பப் போடாதீர்கள். இரண்டும் சில காசுதான்.

இனி கிங்பின். சைக்கிளின் முன்பக்கக் கவையைப் பாருங்கள். அது செங்குத்தாக இல்லை. தலை ஓட்டுபவர் பக்கம் சாய்ந்திருக்கிறது. அதனால்தான் ஓடும் சைக்கிள் கையை எடுத்தாலும் சற்று தூரம் நேராகப் போகிறது. கோ-கார்ட்டின் கிங்பினும் அதேபோல மேற்புறம் பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். 10 முதல் 15 பாகை வரை சாய்வு இருப்பது வழக்கம். எங்காவது மோதிய வண்டியானால் ஒரு பக்கச் சாய்வு கெட்டிருக்கும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்கிறதா என்று பக்கவாட்டில் நின்று பார்த்தாலே தெரியும். வளைந்த சட்டத்தைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்த முயல வேண்டாம். அது பட்டறை வேலை.

செலவு குறைந்த வழி ஒன்றும் உண்டு. 10 அங்குல ஸ்டீரிங் வளையத்தை எடுத்துவிட்டு 12 அங்குல வளையம் போட்டால், கை அதே தூரம் அசைந்தாலும் தண்டு குறைவாகத் திரும்பும். முழங்காலில் இடிக்காமல் இருந்தால் சரி. இரு முன் டயர்களிலும் காற்று ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிந்த பிறகு முதல் ஓட்டம் நடை வேகத்தில் இருக்கட்டும், திறந்த திடலில். தாய்மார்கள் இதில் சற்றுக் கண்டிப்பாக இருந்தால் நல்லது: தலைக்கவசம், மூடிய காலணி, நீண்ட கால்சட்டை. சங்கிலிக்கு மூடி இல்லாத வண்டியில் தொங்கும் துணியோ அவிழ்ந்த கூந்தலோ கூடாது. குலை ஏற்றிய லோரி போகும் தோட்டப் பாதையில் ஓட்டவே கூடாது. இவ்வளவு தாழ்வான வண்டி லோரி ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. பொதுச் சாலையில் பதிவு இல்லாத வண்டியை ஓட்டுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

பத்து நிமிடம் ஓட்டியபின் நிறுத்தி, எஞ்சின் ஆறியதும் ஒவ்வொரு நட்டையும் ஸ்பேனரால் மறுபடி தொட்டுப் பாருங்கள். புதிதாகப் பூட்டியவை முதல் ஓட்டத்தில்தான் தளரும்.