இரத்தக் கொதிப்பும் வேலைக்கு வராத நாளும்

(பினாங்கு ஜார்ஜ் டவுன் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



 கிராணிமார்களாகிய நாங்கள் செக்ரோல் எழுதுகிறவர்கள். பிரட்டுக்கு யார் வரவில்லை என்பது முதலில் எங்கள் கண்ணில்தான் படும்.

பால்மரம் வெட்டும் ஒருவர். மழைக்குத் தவிர வேறெதற்கும் நின்றதில்லை. ஒரு நாள் இரத்த அழுத்தம் பார்த்தவர்கள், "உமக்குக் கொதிப்பு இருக்கிறது" என்று சொல்லி மாத்திரையைக் கையில் கொடுத்துப் போனார்கள். விளக்கம் ஒன்றுமில்லை. மறுவாரமே தலை சுற்றுகிறதென்று படுத்துவிட்டார். அதுவரை சுற்றாத தலை! கூலி போயிற்று, கவலை மிஞ்சிற்று. எங்களில் சிலர் அவரைச் சோம்பேறி என்றுகூடப் பேசினோம். அது எங்கள் பிழை.

இது நம்மவருக்கு மட்டும் உள்ள குணமன்று. கனடாவில் ஹாமில்டன் நகரத்து எஃகுத் தொழிலாளரிடையே இதனை ஆராய்ந்து 1978இல் வெளியிட்டார்கள். கொதிப்பு உண்டென்று கண்டு சொன்ன பிறகு, அவர்கள் வேலைக்கு வராத நாள் ஆண்டுக்குச் சராசரி 5.2 கூடிற்று, அதாவது 80 விழுக்காடு. அதே காலத்தில் பொதுவாகத் தொழிலாளரிடையே கூடியது 9 விழுக்காடுதான். புதிதாக அறிந்தவர்களிடம் அழுத்தத்தின் அளவும் காரணமில்லை, மருந்து தொடங்கியதும் காரணமில்லை. "நான் நோயாளி" என்ற எண்ணமே ஆளைப் படுக்கவைத்தது. மருந்தை ஒழுங்காக உண்ணாதவர்களே அதிகம் நின்றார்கள் என்பதையும் கவனியுங்கள்.

அப்படியானால் சோதனையே வேண்டாமென்று எந்த நிர்வாகமாவது சொன்னால் ஒப்பாதீர்கள். 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், நம் நாட்டில் வயது வந்த 10 பேரில் 3 பேருக்குக் கொதிப்பு; அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் அதை அறியாதவர்கள். கொதிப்பு பெரும்பாலும் வலி காட்டாது. அறியாமலே இருந்து பக்கவாதத்தில் விழுந்தால் ஐந்து நாள் கூலியோடா போகும்?

நாம் கேட்பது இதுதான்: சொல்வதைத் தமிழில், புரியும்படி சொல்லுங்கள். மாத்திரையை நாள்தோறும் உண்டால் பெரும்பாலோர் வழக்கம்போல் வேலை செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிளினிக்குக்குப் போகும் நாளைக் குற்றமாக எண்ணாதீர்கள்.

உண்மையிலேயே உடம்பு முடியாதவர் பயப்பட வேண்டாம். 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 14 நாள், ஐந்தாண்டுக்குள் 18 நாள், அதற்கு மேல் 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. டாக்டர் சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள், கிராணியிடம் கொடுங்கள்.

அந்தத் தோழருக்குப் பிறகு டிரசர் ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்து விளக்கினார். மறுநாள் பிரட்டில் அவர் பெயரைக் கூப்பிட்டோம், "இருக்கேன்" என்றார்.