மோதாத வீரர்கள்



ராபர்ட்சன்பேட்டையிலும் அதனைச் சூழ்ந்த சுரங்கக் குடியிருப்புகளிலும் வாழும் நமக்கு வாதம் புதிதன்று. மாரிக்குப்பத்தில் விடியற்காலையில் ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்வோர், வண்டி போய்ச் சேரும்வரை வாதிட்டுக்கொண்டே செல்வர். அத்தகைய வாதங்களுள் முடிவே காணாத ஒன்று உண்டு. வெவ்வேறு காலத்தில் வாழ்ந்த குத்துச்சண்டை வீரர் இருவர், தத்தம் உச்சநிலையில் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார் என்பதே அது. வடசென்னையின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி 2021-இல் வெளிவந்த ‘சார்பட்டா பரம்பரை’ என்னும் திரைப்படத்தைக் கண்டவர்களுக்கு, இந்த வாதம் எவ்வளவு சூடேறும் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நடவாத சண்டையைப் பற்றிப் பேசுவது வீண் என்று சிலர் கூறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. முறையோடு வாதிட்டால், ஒரு மனிதனின் ஆற்றலை எதைக் கொண்டு அளப்பது என்னும் பெரிய கேள்விக்கு இது நம்மை அழைத்துச் செல்லும்.

இந்த வாதத்தை எந்திரத்தைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று ஒருவர் முயன்றதுண்டு. அமெரிக்காவில் மயாமி நகரைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் மர்ரி வொரோனர், 1967-இல் ஹெவிவெயிட் என்னும் கனஎடைப் பிரிவின் சாம்பியன்கள் பதினறுவரைப் பற்றிய விவரங்களைக் கணிப்பொறியில் இட்டார். அது தந்த முடிவுகளை, கண்முன்னே சண்டை நடப்பது போன்ற வருணனையாக வானொலியில் ஒலிபரப்பினார். இறுதியில் ராக்கி மார்சியானோ முதல்வரானார். முகமது அலியோ, பழங்கால வீரர் ஜிம் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக அறிவிக்கப்பெற்றார். அலி வெகுண்டு வழக்குத் தொடுத்தார்!

அதன் தொடர்ச்சியாக, 1969-இல் அலியும் மார்சியானோவும் மூடிய அரங்கில் காமிராவின் முன் மோதிக் காட்டினர். மார்சியானோவுக்கு அப்போது வயது 45. உடலை இளைக்கச் செய்து, தலையில் பொய்முடி அணிந்து வந்தார். 27 வயதினரான அலி, இராணுவத்தில் சேர மறுத்தமையால் களத்தில் இறங்கும் உரிமையை இழந்திருந்தார். பல முடிவுகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டனர். 1970 ஜனவரி 20-ஆம் நாள் அமெரிக்கத் திரையரங்குகளில் காட்டப்பெற்ற படத்தில், 13-ஆம் சுற்றில் மார்சியானோ நாக்-அவுட் முறையில் வென்றார். ஐரோப்பாவில் அலி வெல்லும் முடிவு காட்டப்பெற்றது. மார்சியானோ எதையும் அறியவில்லை. 1969 ஆகஸ்டு 31-இல் நேர்ந்த விமான விபத்தில் அவர் மாண்டுபோயிருந்தார். எந்திரத்தின் தீர்ப்பும் காண்போர்க்கு ஏற்ப மாறியதென்றால், நாம் அதனைத் தீர்ப்பென்று கொள்வது எங்ஙனம்?

ஆகவே, வாதத்தைத் தொடங்குமுன் நாம் சிலவற்றை வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவது, எந்த விதியின்படி மோதுகின்றனர் என்பது. 1952 செப்டம்பரில் மார்சியானோ, ஜெர்சி ஜோ வால்காட்டை எதிர்த்தபோது, 12 சுற்றுகள் முடிந்த நிலையில் புள்ளிக் கணக்கில் பின்தங்கியே இருந்தார். 13-ஆம் சுற்றில் விட்ட ஒரே குத்தில் சாம்பியனானார். அன்று பட்டப்போட்டிக்குப் 15 சுற்றுகள். 1982-இல் தென்கொரிய வீரர் டுக் கூ கிம், 14-ஆம் சுற்றில் வீழ்ந்து சில நாட்களில் உயிர்நீத்தார். அதன்பின் சுற்றுகள் பன்னிரண்டாகக் குறைக்கப்பட்டன. இன்றைய விதி அன்று இருந்திருந்தால், அன்றிரவு மார்சியானோ பட்டம் பெற்றிருக்கமாட்டார்.

இரண்டாவது, எடை. மார்சியானோ ஏறத்தாழ 84 கிலோ. உச்சநிலையில் அலி ஏறத்தாழ 96 கிலோ. இன்றைய வரம்பின்படி 90.7 கிலோவுக்கு உட்பட்டவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. அதன்படி பார்த்தால் அவ்விருவரும் ஒரே பிரிவினரே அல்லர்.

மூன்றாவது, உச்சம் எது என்பது. 1967 மார்ச்சு முதல் 1970 அக்டோபர் வரை, அதாவது 25 வயது முதல் 28 வயது வரை, அலி பந்தயச் சண்டை ஒன்றிலும் கலந்துகொள்ளவில்லை. ஓர் ஆடவனின் கால்களில் வேகமும் நெஞ்சில் மூச்சும் நிறைந்திருக்கும் ஆண்டுகள் அவை. ‘உச்சநிலை அலி’ என்று நாம் வாதிடும் அந்த வீரரை, அந்த ஆண்டுகளில் எவரும் களத்தில் கண்டதில்லை. 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி நிகழ்த்தினார். அதைக் கண்ணாரக் கண்டவர்கள்கூட, நாற்பதை நெருங்கிய அலியைத்தான் கண்டார்கள். அவருடன் நின்ற எல்லிஸோ, அலி விலக்கப்பட்ட காலத்தில் வெறுமையான பட்டங்களுள் ஒன்றை 1968-இல் வென்றவர்.

நான்காவதும் தலையாயதும், எதிர்த்து நின்றவர் யார் என்பது. மார்சியானோ 49 போட்டிகளில் 49-ஐயும் வென்றவர். அலி 61-இல் 5 தோற்றவர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் வாதம் முடிந்துவிடும். ஆனால் மார்சியானோ வீழ்த்திய ஜோ லூயிக்கு அப்போது வயது 37, வால்காட்டுக்கு 38. அலி எதிர்கொண்டவர்களோ ஜோ ஃபிரேசியர், ஜார்ஜ் ஃபோர்மன் போன்றவர்கள். இதனால் மார்சியானோவைக் குறைத்து மதிப்பிடலாகாது. தம் காலத்தில் எதிரே நின்றவரைத்தானே ஒருவர் வெல்லமுடியும்?

இந்தக் கடைசி நியாயம் தங்கவயல்காரர்களாகிய நமக்கு எளிதில் விளங்கும். 1880-களில் இங்கே சுரங்கத் தொழில் வளரத் தொடங்கிய காலத்தில், ஒரு டன் பாறையில் கிடைத்த பொன் மிகுதி. ஆண்டுகள் செல்லச்செல்ல அது பல மடங்கு குறைந்தது. சுரங்கமோ மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குச் சென்றது. தொட்டால் சுடும் பாறை, திடீரென்று வெடித்துச் சரியும் பாறை, இவற்றுக்கு நடுவே நின்று சிறிதளவு பொன்னை எடுத்தவர்கள் நம் தந்தையர். நட்டக் கணக்குக் காட்டி 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. பொன்னின் எடையை மட்டும் கணக்கிட்டால், கடைசித் தலைமுறைத் தொழிலாளி முதல் தலைமுறையினரைவிடத் திறமை குன்றியவராகத் தோன்றலாம். உண்மை அதுவா? எவ்வளவு எடுத்தார் என்று கேட்பவன், எந்தப் பாறையிலிருந்து எடுத்தார் என்றும் கேட்க வேண்டாமா?

குத்துச்சண்டை வீரனையும் அவ்வாறே மதிப்பிட வேண்டும் என்பது நம் கருத்து. அலியா, மார்சியானோவா என்று நம்மைக் கேட்டால், 15 சுற்றுகளில், 1966-ஆம் ஆண்டின் அலி, உயரத்தாலும் கால்வேகத்தாலும் புள்ளிக் கணக்கில் வெல்வார் என்போம். நண்பர் ஒருவர் இதை மறுத்து, 1952-இன் அந்த 13-ஆம் சுற்றை நமக்கு நினைவூட்டக்கூடும். அவர் வாதத்தையும் நாம் தள்ளிவிட முடியாது.

இனி இத்தகைய வாதம் எழும்போது, வென்றவர் பெயரை உரக்கக் கூறுவதோடு நில்லாமல், எந்த ஆண்டு, எத்தனை சுற்று, என்ன எடை, எதிரே நின்றவர் யார் என்று கேட்போமாக. அதே கேள்விகளை நம் வீட்டுத் திண்ணையில் இருமலோடு அமர்ந்திருக்கும் முதியவரைப் பற்றியும் கேட்போமாக. அவருடைய உச்சத்தை நாம் கண்டதில்லை. அவர் மோதிய பாறையையும் கண்டதில்லை. கேட்டால் அவர் சொல்லுவார்.