வாடகையோடு பஸ் நேரத்தையும் கணக்கிடுவோம்

 

திருவல்லிக்கேணியில் வாடகை கட்டுப்படியாகாமல் நம் குடும்பங்கள் புறநகர் போகின்றன. அட்வான்ஸ் கொடுத்து நாங்களும் சிலரை அனுப்பி வைத்தோம். வாடகை எவ்வளவு என்று கேட்டோமே தவிர, வேலைக்கு எப்படி வருவீர்கள் என்று கேட்கவில்லை. அது எங்கள் தவறு. ஒரு தாய் சுபுஹு தொழுததும் கிளம்பி, இஷாவுக்குப் பிறகுதான் வீடு சேர்ந்தார். ஏழாம் மாதம் அந்தக் குடும்பம் பழைய தெருவிலேயே ஓர் ஒற்றை அறைக்குத் திரும்பியது. அட்வான்ஸில் பாதியைப் பெயிண்ட் செலவென்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார்.

பெரும்பாக்கத்தைப் பாருங்கள். கூவம் கரையில் இருந்தவர்களுக்கு எட்டடுக்குக் கட்டடங்களில் வீடு கிடைத்தது. வேலையோ ஊருக்குள்ளேயே இருந்துவிட்டது. 2021 மே முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை; பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவது?

2019 விதிகளின்படி தளப்பரப்புக் குறியீடு 1.5-லிருந்து 2 ஆனது. 1000 சதுர அடி மனையில், சுற்றிலும் விடவேண்டிய இடம் போக, 2000 சதுர அடி வரை கட்டலாம். நம் ஆட்கள் அதையும் ஒரே பெரிய ஃபிளாட்டாகக் கட்டி விற்றுவிடுகிறார்கள்! பறக்கும் ரயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் மனை உள்ளவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்: இடித்துக் கட்டும்போது இரண்டு சிறிய வீடுகளாவது வாடகைக்கு விடுங்கள். அந்த வீடுகளுக்கான அட்வான்ஸை அறக்கட்டளையே நேரில் கட்டும்.

அடுத்த மாதம் முதல் உதவிப் படிவத்தில் வேலை இடம், பிள்ளைகளின் பள்ளி இரண்டையும் எழுதித் தாருங்கள்.